1936: பிரான்சு எழுதிய ஆண்டும் நாம் எழுதாத ஆண்டும்

நிகழ்ச்சிகள் ஓர் ஆண்டை வரலாற்று நூலில் சேர்க்கின்றன. எழுத்தே அதனை மக்கள் நெஞ்சில் சேர்க்கின்றது. பிரெஞ்சு மக்கள் தம் வரலாற்றை ஆண்டுகளின் பெயராலேயே அழைத்துப் பழகியவர்கள். 1789 என்றால் பாஸ்டில் சிறை தகர்ந்த ஆண்டு. 1871 என்றால் பாரிசுக் கம்யூன். 1968 என்றால் மாணவர் கிளர்ச்சி. இவ்வரிசையில் 1936 என்னும் எண்ணுக்குத் தனியிடம் உண்டு. உழைக்கும் எளிய மக்கள் ஊதியத்தோடு கூடிய விடுமுறையைச் சட்டப்படி பெற்ற ஆண்டு என்று அதனை அந்நாட்டார் இன்றும் போற்றுகின்றனர்.

தமிழர்க்கு 1789 அயலானதன்று. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று முழக்கங்களைப் பாரதியார் தம் 'இந்தியா' இதழின் கொள்கையாகவே ஏற்றிருந்தார். ஆனால் 1936 அவ்வாறு நம்மை வந்தடையவில்லை. இத்தனைக்கும் அவ்வாண்டின் கணக்கில் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் பன்னிருவரின் உயிர் அடங்கியுள்ளது. ஓர் ஆண்டு ஒரே கொடியின் கீழ் இரண்டு நாடுகளில் நிகழ்ந்தது. ஒரு நாடு அதனை எழுதிக்கொண்டது. மற்றொன்று பெரும்பாலும் எழுதாமலே விட்டது. இவ்வேறுபாட்டின் காரணம் யாது, அதனால் நாம் இழந்தது யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாரிசில் ஒரு கோடை

1936 ஏப்ரல், மே மாதங்களில் நடந்த பொதுத்தேர்தலில் சமதர்மக் கட்சியினர், தீவிரக் கட்சியினர், பொதுவுடைமையர் ஆகியோர் அமைத்த மக்கள் முன்னணி வென்றது. சமதர்மக் கட்சித் தலைவர் லெயோன் புளூம் ஜூன் 4ஆம் நாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். பெண்களுக்கு வாக்குரிமையே வழங்கப்படாதிருந்த அந்நாட்டில், அவருடைய ஆட்சியில் பெண்கள் மூவர் துணையமைச்சராயினர்.

அரசு அமையும் முன்னரே தொழிலாளர் எழுச்சி தொடங்கிவிட்டது. ஜூன் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 12,000 வேலைநிறுத்தங்கள். அவற்றில் பங்கேற்றோர் ஏறத்தாழ 18 இலட்சம் பேர். அவற்றுள் பெரும்பாலானவற்றில் தொழிலாளர் ஆலையை விட்டு வெளியேறவில்லை. உள்ளேயே அமர்ந்தனர், உண்டனர், பாடினர், உறங்கினர். ஜூன் 7ஆம் நாள் இரவு மாத்திஞ்ஞோன் மாளிகையில் முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் உடன்பாடு கண்டனர். 7 முதல் 15 விழுக்காடு வரை கூலி உயர்ந்தது. கூட்டு ஒப்பந்த உரிமையும், வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், ஆண்டுக்கு இரண்டு வார ஊதிய விடுமுறையும் அம்மாதத்திலேயே சட்டமாயின. அவ்வாண்டுக் கோடையில் இரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு சலுகையும் தரப்பட்டது. அச்சலுகைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாழ்நாளில் கடலையே கண்டிராத குடும்பங்கள் பல முதன்முதலாகக் கடற்கரையை அடைந்தன.

புதுச்சேரியில் ஒரு கோடை

இனி, அதே பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியை நோக்குவோம். அங்குப் பெரிய பஞ்சாலைகள் மூன்று இருந்தன: சவானா எனப்பட்ட சுதேசி ஆலை, ரோடியர் ஆலை என மக்கள் அழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை, பிற்காலத்தில் பாரதி ஆலை எனப் பெயர் பெற்ற கெப்ளே ஆலை. அவற்றில் ஆண்களோடு பெண்களும் சிறுவர்களும் உழைத்தனர். வேலை நேரத்துக்கு வரம்பில்லை. சங்கம் அமைக்கும் உரிமையும் இல்லை. 1934இல் 'சுதந்திரம்' என்னும் இதழைத் தொடங்கிய வ. சுப்பையா இத்தொழிலாளரை ஒன்று திரட்டினார். 1935இல் சவானா ஆலையில் முதல் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது.

1936 ஜூலையில் போராட்டம் மீண்டும் மூண்டது. பாரிசுத் தொழிலாளரைப் போலவே இவர்களும் ஆலைக்குள் அமர்ந்தனர். ஜூலை 30ஆம் நாள் ஆயுதமேந்திய படையினர் ஆலையைச் சூழ்ந்து சுட்டனர். பன்னிருவர் மாண்டனர், காயமுற்றோர் பலர். மாத்திஞ்ஞோன் உடன்பாட்டுக்கும் இத்துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையே முழுமையாக எட்டு வாரங்கூட இல்லை. பிரான்சில் தொழிலாளர் பலர் முதல் விடுமுறைப் பயணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த வேளையில் புதுச்சேரித் தொழிலாளி பிணமாகக் கிடந்தான்.

நேருவின் அறிவுரைப்படி 1937இல் சுப்பையா பாரிசுக்குச் சென்று வழக்கை எடுத்துரைத்தார். 1937 ஏப்ரல் 6ஆம் நாள் ஆணை பிறந்தது. எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் பிரெஞ்சிந்தியத் தொழிலாளர்க்குக் கிட்டின.

கொடையா, விலையா?

இவ்வரலாற்றை நம்மவர் கூறும் முறையை இனித் திறனாய்வு நோக்கில் காண வேண்டும். மேடைகளிலும் மலர்களிலும் அது பெரும்பாலும் ஒரே தொடராகச் சுருங்கிவிடுகிறது: ஆசியாவிலேயே எட்டு மணி நேர வேலை முதலில் கிடைத்த ஊர் புதுச்சேரி என்பதே அத்தொடர். பெருமிதம் தரும் தொடர்தான். ஆயினும் அது மூன்று இடங்களில் வழுவுகிறது.

முதலாவது, 'ஆசியாவிலேயே முதல்' என்னும் அடைமொழி. 1917இல் சோவியத்து அரசு பிறப்பித்த எட்டு மணி ஆணை, அவ்வாட்சிக்குள் வந்த ஆசியப் பகுதிகளுக்கும் உரியதே. அண்டையிலிருந்த பிரிட்டிஷ் இந்தியாவில் 1934ஆம் ஆண்டின் சட்டம் நாளுக்கு 10 மணியும் வாரத்துக்கு 54 மணியும் வேலை வாங்க இடம் தந்தது. ஆகவே, அண்டை நிலத்தைவிட முன்சென்றது புதுச்சேரி என்று கூறினாலே போதும். உண்மைக்குப் பொன் முலாம் வேண்டியதில்லை.

இரண்டாவது, 'கிடைத்தது' என்னும் சொல். பிரான்சு தன் தொழிலாளர்க்கு எட்டு மணி நேரச் சட்டத்தை 1919 ஏப்ரலிலேயே இயற்றிவிட்டது. அதன் பயன் புதுச்சேரி ஆலையை எட்டப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. பாரிசு 8 மணியைக் கடந்து வாரத்துக்கு 40 மணி என்னும் அடுத்த படியில் கால் வைத்த ஆண்டிலேதான் புதுச்சேரி முந்திய படிக்காக உயிர் கொடுத்தது. சட்டம் கப்பலேறி வந்தது என்பது உண்மை. கப்பற்கூலியைக் கொடுத்தவர் யாவர் என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது.

மூன்றாவது, அத்தொடரில் ஆளே இல்லை. ஊர் உண்டு, ஆசியா உண்டு, எண் உண்டு. நூற்கும் கை இல்லை. இலக்கிய நோக்கில் இதுவே பெருங்குறை.

மறுபக்க நியாயத்தையும் கூறுதல் முறையாகும். புளூம் ஆட்சி அன்று பாரிசில் இல்லாதிருந்தால் சுப்பையாவின் முறையீட்டுக்குச் செவி கிடைத்திருக்குமா என்பது ஐயமே. சுட்டதும் அவ்வரசின் ஆளுகைதான். சட்டம் தந்ததும் அவ்வரசுதான். இம்முரண்பாட்டை ஒரு தொடருக்குள் அடக்க இயலாது. அதனை அடக்கத்தக்க கலம் நாவல் ஒன்றே.

அவர்கள் எழுதிய முறை

பிரெஞ்சுத் தொழிலாளர் 1936இல் ஆலைக்குள் அமர்ந்தபோது அவர்களுக்குப் பின்னால் அரை நூற்றாண்டு இலக்கியம் நின்றது. அதன் தலையாய நூல் எமிலி ஜோலாவின் 'ஜெர்மினல்'. 1884இல் வடபிரான்சின் அன்ஸேன் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கையில் ஜோலா அங்கே சென்றார், சுரங்கத்தில் இறங்கினார், குடியிருப்புகளை நோக்கிக் குறிப்பெடுத்தார். மறு ஆண்டு நாவல் வெளிவந்தது.

அந்நாவலிலும் துப்பாக்கிச் சூடு உண்டு. ஆனால் ஜோலா நம்மை நேரே அதனிடம் அழைத்துச் செல்வதில்லை. நூலின் பெரும்பகுதியில் மாயே குடும்பத்தின் சிறு வீட்டுக்குள் நம்மைக் குடியிருத்துகிறார். ஒரே அறையில் உறங்கும் பிள்ளைகள், கடன் கேட்டுக் கடைவாசலில் நிற்கும் தாய், சுரங்கத்திலிருந்து மீண்டவர் ஒருவர்பின் ஒருவராகக் கரி கழுவும் தொட்டி ஆகிய அனைத்தும் நமக்குப் பழகிவிடுகின்றன. அதன்பின் படைவீரர் சுடுகையில் மாயே விழுகிறார். விழுந்தவர் ஓர் எண்ணாக நமக்குத் தோன்றுவதில்லை. நாம் உண்ட வீட்டின் தலைவராகத் தோன்றுகிறார். இறுதியில், கணவனை இழந்த மனைவியே வயிற்றுக்காக அச்சுரங்கத்தில் இறங்கும் காட்சி, எந்தப் புள்ளிவிவரமும் கூற முடியாததைக் கூறிவிடுகிறது. 1902இல் ஜோலா மறைந்தபோது இறுதி ஊர்வலத்தில் வந்த சுரங்கத் தொழிலாளர் அந்நாவலின் பெயரையே முழக்கமாக்கினர் என்பது வரலாறு. தம்மை எழுதியவனைத் தொழிலாளர் அறிந்திருந்தனர்.

1936 நிகழ்ந்தபோதே அதனை எழுதியவர் சிமோன் வெய்ல். மெய்யியல் ஆசிரியையான அவர் 1934 திசம்பரில் தாமே கூலியாளாக ஆலைக்குள் நுழைந்தவர். ஜூன் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கையிலேயே புனைபெயரில் ஒரு கட்டுரை வரைந்தார். அதன் உயர்வு எதில் உள்ளது? கூலிக் கணக்கைக் காட்டிலும், அஞ்சி ஒடுங்கி நின்ற அதே இயந்திரங்களின் இடையே ஒரு மனிதன் தலைநிமிர்ந்து நடக்கும் இன்பத்தை அவர் கண்டார். கட்டளை ஓசை அடங்கி மனிதச் சிரிப்பொலி கேட்கும் ஆலையை எழுதினார். உள்ளே உழைத்த உடம்புக்கே அவ்வின்பம் தெரியும்.

அவரிடம் நாம் கற்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. 1937 மார்ச்சில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட துனீசியாவில், மெத்லாவி என்னும் இடத்துப் பாசுபேட்டுச் சுரங்கத் தொழிலாளர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் முன்னணியின் ஆட்சியிலேயே இது நிகழ்ந்தது. தம் வெற்றியில் மகிழ்ந்திருந்த பிரெஞ்சு மக்கள், தம் பேரரசின் தொலைவான மூலைகளில் உழல்வோரை மறந்துவிட்டதை வெய்ல் வெளிப்படையாக இடித்துரைத்தார். தன் இனம் கொண்டாடும் ஆண்டின் இருண்ட பக்கத்தைத் தானே எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். மெத்லாவிக்கு அவர் வாய்த்தார். சவானாவுக்கு நம்மிடையே ஒருவர் வாய்த்தாரா?

நாம் எழுதிய முறை

புதுச்சேரி எழுத்துப் பழக்கமற்ற ஊரன்று. 1736இல் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761 வரை நீண்ட அக்குறிப்பில் ஆளுநர் துய்ப்ளேயின் அரசியலும் உண்டு. துணி வணிகமும் உண்டு. தெருவில் கேட்ட வம்பும் உண்டு. அச்சுவடி இருந்தமையாலன்றோ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் நாவல்களைப் படைக்க முடிந்தது? பின்னது 1995இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. எழுத்திலிருந்தே எழுத்து பிறக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

அந்நாட்குறிப்பு தொடங்கிச் சரியாக இருநூறாம் ஆண்டில் சவானா நிகழ்ந்தது. துபாசியின் வீட்டில் எழுதுகோல் இருந்தது; நூற்பவர் வீட்டில் அது இல்லை. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டின் ஆளுநர் மாளிகையைத் தமிழ் வாசகன் நன்கறிவான். இருபதாம் நூற்றாண்டின் நூற்பாலைக் கூடத்தை அறியான்.

சுப்பையா தம் போராட்ட வாழ்வை நூலாக எழுதிவைத்தார். பிரெஞ்சிந்திய விடுதலையை அறிய விழைவோர் அதனைத் தவிர்க்க இயலாது. எனினும் தலைவரின் தன்வரலாறு, தலைவர் நின்ற இடத்திலிருந்தே உலகைக் காணும். முடிவுகள், பேச்சுவார்த்தைகள், பயணங்கள் என அதன் பாதை செல்லும். அது நூலின் குற்றமன்று. அவ்வகை எழுத்தின் எல்லை. ஜூலை 30ஆம் நாள் மாலை கணவனைத் தேடி ஆலைவாயிலுக்கு ஓடியவளின் நோக்கில் அந்நாளைக் காட்ட வேறோர் எழுத்து வேண்டும். 'ஜெர்மினல்' போலத் தமிழ் வாசகர் நெஞ்சில் வேரூன்றிய ஒரு நாவல் சவானாவுக்கு வாய்த்ததாகக் கூற இயலவில்லை.

தமிழுக்கு அவ்வாற்றல் இல்லை என்பதும் பொருந்தாது. தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953லேயே கைத்தறி நெசவாளரின் பட்டினியைக் களமாக்கியது. இராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரிற் சென்று கண்டே 1979இல் 'கரிப்பு மணிகள்' படைத்தார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆயிற்று. தொழிலாளர் எழுத்தறியாதவர், ஆகவே எழுத்து இல்லை என்னும் வாதத்துக்கு இம்மூவருமே மறுமொழி. அருகே சென்று, பொறுமையோடு கேட்டு எழுதும் ஒருவர் இருந்தால் போதும். அவ்வொருவர் உரிய காலத்தில் வர வேண்டும் என்பதே இதிலுள்ள கடுமை. 1936இல் சவானாவில் இருபது வயதினராயிருந்தவர்க்கு இன்று நூறு வயது கடந்திருக்கும். இனி எவர் சென்று எவரைக் கேட்பது? ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையும் 2020இல் மூடப்பட்டது. சாட்சியும் போயிற்று, களமும் ஓய்ந்தது.

தங்கவயலுக்கு இதில் என்ன?

தங்கவயல் மலரில் புதுச்சேரிக் கதை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இங்கே வாழ்வோர்க்கு அவ்வினாவின் விடை எளிதில் விளங்கும். நம் முன்னோரும் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்து, பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கி உழைத்தவர்களே. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கங்கள் அனைத்தும் நின்றன. 1946 நவம்பர் 4ஆம் நாள் காவலரின் தாக்குதலில் நம் தொழிலாளர் உயிர் நீத்தனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. சவானாவுக்கு நேர்ந்த வரிசை இதுவே: உழைப்பு, போராட்டம், உயிரிழப்பு, மூடல், மறதி. நாம் நான்காம் படியைக் கடந்து ஐந்தாம் படியின் விளிம்பில் நிற்கிறோம்.

தங்கவயலின் பெயர் இன்று உலகெங்கும் தெரியும். 2018இல் வந்த கன்னடத் திரைப்படம் மூன்று எழுத்துகளை எங்கும் பரப்பியது. ஆயினும் அதில் காணும் சுரங்கம் கற்பனைச் சுரங்கமே. 2024இல் வந்த 'தங்கலான்' பத்தொன்பதாம் நூற்றாண்டைத் தொன்மம் கலந்து காட்டியது. இரண்டுக்கும் இடைப்பட்ட நூறாண்டு, அதாவது மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உரிகத்திலும் மக்கள் மெய்யாக வாழ்ந்த நூறாண்டு, திரைக்கு வெளியே நிற்கிறது.

எழுத்து நமக்குப் புதிதுமன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின் இத்தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளர் காசு சேர்த்து நூல் பதிப்பித்த மண் இது. சென்னைக்குப் பின் ஒரு சிந்தனை இதழைத் தாங்கி நின்ற ஊருக்குத் தன் கதையை எழுதும் வலிமை இல்லாமற் போகுமா?

இம்மலர்க் குழுவினர்க்கும் தமிழ்ச்சங்கத்தார்க்கும் பணிவாக ஒன்று கூற விழைகிறேன். கேஜில் இறங்கியவர்களும், 'ராக் பர்ஸ்ட்' ஓசை கேட்டு வாயிலில் நின்ற தாய்மாரும், சிலிக்கோசிஸ் நோயால் மூச்சு வாங்கும் முதியோரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் வாய்மொழியை அவரவர் சொற்களிலேயே எழுதிவைத்தல் வேண்டும். சுரங்கத்துள் வழங்கிய கலப்புச் சொற்களைத் திருத்தாது பதிதல் வேண்டும். ஒவ்வோர் ஆண்டு மலரிலும் சில பக்கங்களை இதற்கென ஒதுக்கினாலே பத்தாண்டில் ஒரு நூல் உருவாகும். நாவல் எழுதுபவர் பின்னர் வருவார்; வரும்போது அவர் கையில் கொடுக்க நம்மிடம் ஏடு இருத்தல் வேண்டும்.

1936ஐப் பிரான்சு மறவாதிருப்பதற்குக் காரணம் அங்கு நிகழ்ந்தவை பெரியன என்பது மட்டுமன்று. நிகழ்ந்தவற்றை உடனே எழுதிக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டுக்கு இருந்தது. சவானாவின் பன்னிருவர் எண்ணாக எஞ்சினர். தங்கவயலின் பெயர்கள் இன்னும் சிலர் நினைவில் உள்ளன. அந்நினைவு உள்ளபோதே எழுதுகோலை எடுப்போமாக.